கோழி சுத்தமாகத்தான் முட்டையிடுகிறது

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், எங்கள் வீட்டுக் கறுப்புப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. உமி பரப்பிய மூங்கில் கூடையில் 11 முட்டை வைத்தேன். அடைக்கு வைக்கிற முட்டை பளிச்சென்று இருக்கட்டும் என்று, எச்சமும் மஞ்சள் கருவும் ஒட்டியிருந்த ஏழு முட்டைகளைக் குழாயடியில் பிடித்து, தேங்காய் நாரால் தேய்த்து, துணியால் துடைத்து வைத்தேன். 16ஆம் நாள் காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் குப்பென்று ஒரு நாற்றம். ஒரு முட்டை கோழியின் வயிற்றுக்கடியிலேயே வெடித்து, பச்சையும் கறுப்புமாக வழிந்து, மற்ற முட்டைகளிலும் பூசியிருந்தது. கோழி எழுந்திருக்கவில்லை. அந்த நாற்றத்தின் மேலேயே 21ஆம் நாள் வரைக்கும் உட்கார்ந்திருந்தது. மூன்று குஞ்சு வந்தது. மற்றதெல்லாம் கூமுட்டை.

அத்தை வந்து பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"முட்டைய கழுவுனியாம்மா?"

கழுவினேன் என்றேன்.

"அடை முட்டைக்குத் தண்ணி காட்டக் கூடாதும்மா. அழுக்கு முட்டையையும் வைக்கக் கூடாது. அழுக்காவாம எடுக்கணும்."

கழுவாதே, அழுக்கையும் வைக்காதே, அழுக்காகாமல் எடு. அந்த மூன்றாவது விஷயத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் வீடு கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் பெண்ணையாறு, இன்னொரு பக்கம் கெடிலம். கொல்லையில் ஒரு கீற்றுக் கொட்டகை, அதில் 14 பெட்டை, 2 சேவல். ஆறு நாட்டுக்கோழி, மற்றது வனராஜா என்கிற வளர்ப்பு இனம். அப்போது முட்டையிட இரண்டே இரண்டு தக்காளிப் பெட்டி வைத்திருந்தேன். அதில் என்ன நடக்கிறது என்று நான் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. பத்து மணிக்குப் போய்க் கிடைத்ததை எடுத்து வருவேன். வாரத்தில் நாலைந்து முட்டை உடைந்து கிடக்கும். மிச்சத்தில் பாதி, கையில் எடுக்கக் கூசும் அளவுக்கு இருக்கும்.

அந்தக் கூமுட்டைகளுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணியிலிருந்து ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்தேன். ஒரு செம்மறைக் கோழி கேறிக்கொண்டே இங்கும் அங்கும் நடந்து, பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்து, வெளியே வந்து, மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தது. சுமார் இருபது நிமிடம் அசையாமல் இருந்தது. அப்புறம் பாதி எழுந்த நிலையில் கால்களை அகட்டி, இறகுகளைச் சிலிர்த்து முக்கியது. பின்பக்கம் ரோஜா நிறத்தில் ஒரு சதை வளையம் உறை மாதிரி வெளியே பிதுங்க, அதன் நடுவிலிருந்து முட்டை நழுவி விழுந்தது. சதை உடனே உள்ளே போய்விட்டது. முட்டை ஈரமாக மினுங்கியது. நான் மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மினுமினுப்பு ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் முட்டை நாம் வழக்கமாகப் பார்க்கிற நிறத்துக்கு வந்துவிட்டது.

கோழிக்கு எச்சம் வருவதும் முட்டை வருவதும் ஒரே வாசல்தான். அப்படியிருந்தும் முட்டையில் எச்சம் படாததற்குக் காரணம் அந்தச் சதை உறை. கருப்பாதை தானே வெளியே புரண்டு வந்து முட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போகிறது. முட்டை வாசலின் சுவரைத் தொடுவதே இல்லை. அதாவது, கோழி முட்டையைச் சுத்தமாகத்தான் கொடுக்கிறது. அதற்கப்புறம் படுகிற அழுக்கெல்லாம் என் பெட்டியுடையது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு கோழி மேல் எனக்கிருந்த சலிப்பு போய்விட்டது.

காய்ந்துபோகிற அந்த ஈரமும் சும்மா இல்லை. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, குஞ்சு மூச்சு விட வேண்டுமே. அந்தத் துளைகளின் வாயை மெல்லிய சவ்வு போல மூடிக்கொள்வது அந்த ஈரப் பூச்சுதான். கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி. அந்தச் சூட்டிலிருந்து முட்டை வெளியே வந்து ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்கும். சுருங்கும்போது வெளியிலிருந்து காற்றை உள்ளே இழுக்கும். முட்டையின் அகன்ற முனையில் இருக்கிற காற்றறை அப்படித்தான் உண்டாகிறது. பூச்சு காயாத அந்தச் சில நிமிடங்களில் முட்டை எச்சத்தின் மேல் கிடந்தால், காற்றோடு சேர்ந்து கிருமியும் போகும். நான் செய்த மாதிரி பச்சைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் இருக்கிற பூச்சும் போய், குளிர்ச்சியில் முட்டை இன்னும் சுருங்கி, அழுக்குத் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும். மேலே பளிச்சென்று இருந்த என் ஏழு முட்டைகளுக்கும் நடந்தது இதுதான்.

சரி, பெட்டிக்குள் எச்சம் எப்படி வருகிறது? முட்டையிட வருகிற கோழி பெரும்பாலும் அங்கே அசிங்கம் செய்வதில்லை. வேலை முடிந்ததும் எழுந்து வெளியே வந்து கொக்கரிக்கும். எச்சம் போடுவது அங்கே தூங்குகிற கோழி. ராத்திரி ஏழு மணிக்கு டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தால், இரண்டு பெட்டியிலும் மூன்று மூன்று வெடைக்கோழிகள் (முட்டையிடத் தொடங்குகிற இளம் பெட்டைகள்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பெட்டி விளிம்பிலும் இரண்டு. ராத்திரி முழுக்க அங்கேயே எச்சம், காலையில் அதன் மேலேயே முட்டை.

தப்பு என்னுடையதுதான். கோழி ராத்திரி தூங்க அடையும்போது இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடும். கீரியும் பூனையும் வருகிற கொல்லையில் அந்தப் புத்திதான் அதைக் காப்பாற்றுகிறது. நாய்க்குப் பயந்து பெட்டிகளை நாலடி உயரத்தில் பலகை போட்டு வைத்திருந்தேன். கோழிகள் அடைய வேண்டிய மூங்கில் கழியோ இரண்டடியில் இருந்தது. அந்த வாரமே மாற்றினோம். மூங்கிலை மூன்றடிக்கு மேலே ஏற்றி, பெட்டிகளை ஒன்றரை அடிக்கு இறக்கினோம். பெட்டிகளின் தலையில் ஏறி உட்காராதபடி மேலே ஒரு பலகையைச் செங்குத்தான சரிவாக வைத்து அடித்தார் என் கணவர். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெட்டி வாயைச் சாக்கால் மூடிவிடுவேன். விடிவதற்கு முன்னால் ஐந்து மணிக்கு எழுந்ததும் முதல் வேலை அதைத் திறப்பது. திறக்க நேரமானால் முட்டை தரையில் விழும், அது வேறு தொல்லை. பழக்கம் விடாத வெடைக்கோழிகளை இருட்டின பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி மூங்கிலில் உட்கார வைத்தோம். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, வைத்த இடத்திலேயே இருக்கும். இரண்டு வாரம் இப்படிச் செய்ததும் தாமாகவே மேலே ஏறத் தொடங்கின.

எச்சம் படிந்த முட்டை இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வேறு எதையும் செய்ய நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

உடைவதற்குக் காரணம் கூட்டம். 14 கோழிக்கு இரண்டு பெட்டி போதவே போதாது, நாலைந்து கோழிக்கு ஒன்று வேண்டும். இப்போது நாலு வைத்திருக்கிறேன். அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஓர் அடி, உயரம் கொஞ்சம் கூட. முன்னால் நாலு அங்குலத் தடுப்புப் பலகை, இல்லாவிட்டால் வைக்கோலும் முட்டையும் சேர்ந்து கீழே வந்துவிடும். ஆனால் நாலு பெட்டி வைத்தாலும் எல்லாக் கோழியும் ஒரே பெட்டிக்குத்தான் வரிசை கட்டும். மூலையில் இருட்டாக இருக்கிற பெட்டி அது. ஒன்று உட்கார்ந்திருக்கும்போதே இன்னொன்று மேலே ஏறி அமுக்கும், கீழே இருக்கிற முட்டை முட்டையோடு மோதும். அதனால் மற்ற மூன்றுக்கும் கோணிப்பையைக் கீறித் தொங்கவிட்டு உள்ளே இருட்டாக்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு கூழாங்கல்லைச் சுண்ணாம்பு அடித்துக் காயவைத்துப் போட்டேன். வேறு கோழி இங்கே முட்டையிட்டிருக்கிறது, பத்திரமான இடம்தான் என்று கோழி நம்பும். வெடைக்கோழிகள் முதலில் ஏமாந்தன. கிழக்கோழி ஒன்று மட்டும் இன்றைக்கும் மூலைப் பெட்டிக்காகக் காத்து நிற்கிறது.

உள்ளே என்ன பரப்புவது என்பதில் நான் செய்யாத சோதனை இல்லை. உமி எங்கள் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் ஈர முட்டை விழுந்ததும் மாவில் புரட்டிய மாதிரி உமி முழுக்க ஒட்டிக்கொள்கிறது. கோழி இரண்டு தடவை திரும்பி உட்கார்ந்தால் உமி ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் வெறும் பலகை தெரியும். முட்டை உடைவது அந்த வெறும் பலகையில்தான். அடைக்கோழி மட்டும் அசையாமல் உட்காருவதால் அதன் கூடைக்கு உமி சரிப்படும். தென்னை நார்க்கழிவு மெத்தென்று இருக்கிறது, மழைக்காலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு நாறுகிறது. பண்ருட்டிப் பக்கத்து உறவுக்காரர் ஒரு மூட்டை மல்லாட்டைத் தோல், அதாவது நிலக்கடலைத் தோல் கொடுத்தார். ஈரம் பட்டு நாலே நாளில் பூஞ்சை பிடித்தது. மல்லாட்டையில் வருகிற பூஞ்சை நஞ்சு கோழியின் ஈரலையே கெடுக்கும், அதனால் மூட்டையோடு எடுத்து எரித்துவிட்டேன். மரத்தூள் பொடியாக இருந்தால் கோழிக்குத் தும்மல் வருகிறது.

கடைசியில் வைக்கோலுக்கே வந்தேன். அதையும் அப்படியே அள்ளிப் போட்டால் கோழி கால் பட்டு இழுத்துக்கொண்டு வரும்போது முட்டையும் கூட உருண்டு வரும். சாண் நீளத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். இன்னொன்றைக் கண்டுபிடிக்கத்தான் நாளாயிற்று. ஒரு கோழி பெட்டிக்குள் நின்று காலால் பறித்துக்கொண்டே இருந்தது, அதன் காலடியில் ஓர் உடைந்த முட்டை. வைக்கோலைக் கையில் எடுத்துப் பார்த்தால் தாளில் நாலைந்து நெல் மணி ஒட்டியிருந்தது. நெல் இருக்கிற இடத்தில் கோழி கிளறாமல் என்ன செய்யும்? இப்போதெல்லாம் வைக்கோலைத் தரையில் நன்றாக உதறித் தட்டி, மணி உதிர்ந்ததைப் பார்த்த பிறகுதான் வெட்டுகிறேன். பெட்டியின் அடியில் மடித்த சாக்கு, அதன் மேல் நாலு விரற்கடைக்கு வைக்கோல், இடையில் காய்ந்த நொச்சித் தழையும் வேப்பந்தழையும். தழை போடுவது செள்ளுப் பூச்சி அண்டாமல் இருக்க. செள்ளு பிடித்த பெட்டியில் கோழி நிம்மதியாக உட்காராது. பாதியில் எழுந்து ஓடி, கண்ட இடத்தில் முட்டையிடும். தழையோடு விடாமல், பெட்டியை மாதம் ஒருமுறை உச்சி வெயிலில் கவிழ்த்துப் போட்டு, இடுக்குகளைப் பார்க்கவும் வேண்டும்.

முட்டையை எடுக்கிற நேரத்தையும் மாற்றிக்கொண்டேன். முன்னெல்லாம் ஒரு தடவை. இப்போது எட்டு மணிக்கு, பதினொரு மணிக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மூன்று தடவை. ஒரு முட்டை உருவாக 24 மணி நேரத்திலிருந்து 26 மணி நேரம் வரை ஆகிறது. அதனால் ஒவ்வொரு கோழிக்கும் நாளுக்கு நாள் நேரம் கொஞ்சம் தள்ளிப்போகும், ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி காலையில் தொடங்கும். மத்தியானம் ஒரு மணி முட்டையும் உண்டு. அது ராத்திரி வரைக்கும் கிடந்தால் கெட்டது.

ஆனால் எத்தனை மெத்தை போட்டாலும் ஓடு மெல்லியதாக இருந்தால் உடையத்தான் செய்யும். போன சித்திரையில் கத்திரி வெயில் தொடங்கியதும் தோல்முட்டை விழ ஆரம்பித்தது. கையில் எடுத்தால் தண்ணீர்ப் பை மாதிரி குழைந்தது. ஓடுள்ள முட்டைகளும் விரல் பட்டாலே நொறுங்கின. கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து இரைக்கும். இரைக்க இரைக்க ரத்தத்தில் இருக்கிற கரியமில வாயு வெளியேறிவிடும். ஓடு என்பது கால்சியம் கார்பனேட், அதாவது அந்தக் கரியும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தது. ஒன்று குறைந்தால் ஓடு மெலியும். வெயிலில் தீவனமும் சரியாக எடுக்காது. 55, 60 கிராம் முட்டை ஒன்றின் ஓட்டில் மட்டும் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தீனியில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு மனசே சரியில்லை. கம்பும் அரிசி நொய்யும் பிசைந்த தவிடும் போட்டுவிட்டு, நான் தினம் ஒரு முட்டையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடற்கரை ஊரில் இதற்கு வழி கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. கிளிஞ்சல். பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து வந்ததை ஒரு மூட்டை வாங்கி, அலசிக் காயவைத்து, உரலில் பாதி மிளகு அளவுக்கு இடித்து, ஒரு தனிச் சட்டியில் வைத்தேன். தூளாக்கிவிடக் கூடாது. ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகிறது. பெரிய துண்டு இரைப்பையில் தங்கி மெதுவாகக் கரைந்து, ராத்திரி முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தச் சட்டியைக் கட்டாயம் நிரப்பிவிடுவேன். தீவனத்தில் கலக்க வேண்டாம், வேண்டிய கோழி வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும். வளரும் குஞ்சுகளுக்கு இது ஆகாது, சிறுநீரகம் கெடும். சுட்ட சுண்ணாம்பைக் கொடுக்கலாமா என்று ஒரு அக்கா கேட்டார். கூடவே கூடாது, வாயும் குடலும் வெந்துவிடும். பச்சைக் கிளிஞ்சல்தான். வெயில் நாளில் தீவனத்தை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வைத்து, தண்ணீரை மண் தொட்டியில் நிழலில் வைத்தோம். சுமார் இரண்டு வாரத்தில் ஓடு தேறிவிட்டது.

ஒரே ஒரு கோழியிடம் மட்டும் தோற்றேன். உடைந்த முட்டையை ஒருமுறை ருசி பார்த்த கோழி, பிறகு நல்ல முட்டையையும் கொத்தும். வனராஜா ஒன்றின் அலகில் மஞ்சள் காய்ந்திருப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். முட்டைக்குள் மிளகாய்த் தூளை அடைத்து வை என்று பலரும் சொன்னார்கள். பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது, அது அதையும் தின்றது. தீனியில் புரதம் குறைந்தாலும் இந்தப் பழக்கம் வரும் என்பதால் கடலூர் முதுநகர் துறைமுகத்துக் கருவாட்டுத் தூளை ஒரு சிட்டிகை சேர்த்தேன். கூடினால் முட்டையில் மீன் வாடை வரும், அளவு முக்கியம். இருட்டுப் பெட்டியும் சுண்ணாம்புக் கல்லும் மற்ற கோழிகளைக் காப்பாற்றின. அந்த ஒன்றை மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சந்தைக்கு அனுப்பினோம். எனக்கு வருத்தம்தான்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து பெண்ணையாறு பொங்கி, எங்கள் கொல்லையில் முழங்கால் அளவுக்கு நின்றது. கோழிகளை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் தார்ப்பாயைக் கட்டி ஐந்து நாள் வைத்திருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு மிஞ்சியது வண்டல் சேறு. கோழி சேற்றுக் காலோடு பெட்டிக்குள் போனால் எச்சமே இல்லாவிட்டாலும் முட்டை மண்கட்டி மாதிரி வரும். கொட்டகை வாசலிலிருந்து பெட்டி வரை ஆற்று மணலும் அதன் மேல் மூங்கில் தட்டியும் போட்டு, கோழிகள் நாலு அடி நடந்துதான் உள்ளே போகும்படி செய்தோம். கால் தானாகத் துடைந்துவிடுகிறது. அந்தத் தட்டியை இன்னும் எடுக்கவில்லை.

இப்போதும் வாரத்துக்கு ஒன்றிரண்டு அழுக்கு முட்டை வரத்தான் செய்கிறது. லேசான கறையை உலர்ந்த நாராலோ உப்புத்தாளாலோ மெல்லத் தேய்த்து எடுத்துவிடுவேன். அதிகமாக இருந்தால் முட்டையை விடச் சூடான தண்ணீரில் சட்டென்று அலசித் துடைத்து, அன்றைக்கே நன்றாக வேகவைத்துவிடுவோம். விரிசல் விட்டதை யாருக்கும் விற்பதில்லை. ஒரே கோழியின் முட்டை தொடர்ந்து அழுக்காக வந்தால் பின்பக்க இறகைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கழிச்சலாக இருந்தால் பெட்டியை மாற்றிப் பயனில்லை, கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான தடுப்பூசியை நான் தவறவிடுவதே இல்லை.

போன வாரம் கறுப்புப் பெட்டையின் மகள் அடைக்கு உட்கார்ந்தது. பத்து நாளாகச் சேர்த்ததில் ஓடு வழவழப்பாக, கறை இல்லாமல் இருந்த 11ஐ எடுத்து, தேதியைப் பென்சிலால் எழுதி வைத்தேன். ஒன்றில்கூடத் தண்ணீர் படவில்லை. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகும் என்று அத்தை வழக்கம்போல ஒரு கரித்துண்டையும் இரும்பாணியையும் உமியில் செருகினார். நேற்றோடு ஏழு நாள். ராத்திரி கோழியை மெதுவாக நகர்த்தி, ஒவ்வொன்றாக டார்ச் முன்னால் பிடித்துப் பார்த்தோம். ஒன்பதில் சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்பு ஓடியிருந்தது, நடுவில் ஒரு புள்ளி துடித்தது. இரண்டு வெறும் வெளிச்சமாக இருந்தன. அத்தை அந்த இரண்டையும் முந்தானையில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கோழிக்கடியில் தள்ளிவிட்டு, விளக்கை அணைக்கச் சொன்னார்.